மாப்பிள்ளைக்கு நடுத்துண்டு

எங்கள் வீட்டில் வஞ்சிர மீன் வாங்கினால் நடுத்துண்டு மாப்பிள்ளைக்குத்தான். தலைப் பக்கம் பெண்களுக்கு, வால் பக்கம் எனக்கு. என் உம்மா காலத்திலும் அப்படித்தான். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மருமகனை நான் மரியாதைக் குறைவாக நடத்தினேன் என்று நீங்கள் எழுதும் தாளில் ஒரு வரி வந்துவிடக்கூடாது. ஒரு நாள்கூட அவரை நான் நீ போட்டுப் பேசியதில்லை.

பெயர் மெஹர் பானு. வயது ஐம்பத்தெட்டு. காரைக்காலில் மார்க்கெட்டுக்குப் பின் தெரு, மாடி வீடு. என் கணவர் அப்துல் லத்தீப் மௌத்தாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இரண்டு பெண்கள். மூத்தவள் சுஹைனா. இளையவள் ஷஃபீனா புதுச்சேரியில் வேலை பார்க்கிறாள், விடுதியில் இருக்கிறாள்.

நீங்கள் இந்த ஊருக்குப் புதிது என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன், உமாமகேஸ்வரி மேடம். எங்கள் குடும்பங்களில் கல்யாணமானால் பெண் புகுந்த வீட்டுக்குப் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை ஆயுசு முழுக்க விருந்தாளி. எனக்குத் தெரிந்து ஐந்து தலைமுறையாக எங்கள் வீட்டுப் படியை விட்டு எந்தப் பெண்ணும் மூட்டை முடிச்சோடு இறங்கியதில்லை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் உங்களுக்குத் தானாகப் புரிந்துவிடும்.

தமீம் அன்சாரி எட்டு வருடத்துக்கு முன்பு எங்கள் மாப்பிள்ளையாக வந்தார். நல்ல பிள்ளை. எதையும் வேடிக்கையாகப் பேசுவார். ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை. மூன்று வருடத்துக்கு முன் அங்கே அடுக்கி வைத்த பெட்டிகள் சரிந்து முதுகில் விழுந்தன. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அந்த வலிக்கு அந்த மாத்திரை வேண்டியதுதான். அதை நான் குறை சொல்லவில்லை. வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

ஊருக்கு வந்து சேர்ந்தபோது ஆள் பாதியாக இருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகும். மூக்கைச் சொறிந்துகொண்டே இருப்பார். மாத்திரை நேரம் தப்பினால் வியர்த்துக் கொட்டும், கால் தானாக உதறும். சுஹைனா ஒளித்து வைப்பாள், அவர் தேடி எடுப்பார், அவள் அழுவாள், அவரும் சேர்ந்து அழுவார். ஒரு நாள் அவரே என் முன்னால் வந்து நின்றார்.

“மாமி, இதுலேருந்து நான் வெளிய வரணும். யாராச்சும் புடிச்சு இழுங்க, வந்துடுறேன்.”

அதை அவர் வாயால் சொன்னார் என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

டாக்டர் நவநீதனிடம் நானும் கூடத்தான் போனேன். பொறுமையான மனிதர். ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்து எட்டு மாதத்தில் நிறுத்த வேண்டும். “திடீர்னு நிறுத்தக்கூடாதும்மா, ஒடம்பு தாங்காது. இன்னொண்ணு, நிறுத்தி ஒரு மாசம் ஆனப்புறம் பழைய அளவுக்குப் போட்டா ஆளே போயிடுவாரு. ஒடம்புக்குப் பழக்கம் விட்டுப் போயிருக்கும் பாருங்க” என்றார். நான் இரண்டாவது முறை கேட்டேன். இரண்டாவது முறையும் அதையே சொன்னார்.

மாப்பிள்ளை அட்டவணைப்படிதான் போனார். தொழுகை நேரம் போட்ட நாள்காட்டியில் தினம் ஒரு தாளைக் கிழித்து, அன்றைக்கு எத்தனை மாத்திரை என்று பின்பக்கம் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். எண்ணிக்கை குறைந்துகொண்டுதான் வந்தது. நான் பார்த்தேன். ஆனால் குறைந்தாலும் மாத்திரை மாத்திரைதானே. திருடன் இன்றைக்குச் சின்னதாகத் திருடினான் என்று யாராவது சந்தோஷப்படுவார்களா?

அந்த நேரத்தில்தான் ஷஃபீனாவுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நான்கு பேர் பார்க்க வந்தார்கள். தமீம் வாசல் அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை நெஞ்சில் கிடந்தது. வாயோரம் எச்சில். வந்தவர்களில் மூத்தவர் பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே கேட்டார்.

“ஏன் மெஹர், உன் மூத்த மாப்பிள்ளை அரபு நாட்டுல உக்காந்தே தூங்குற வேலையா பாத்தாரு?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நிச்சயத்துக்கு நாற்பது நாள் கழித்து வருவதாகச் சொல்லிப் போனார்கள். டாக்டரின் கணக்கில் எட்டு மாதம். என் கையில் நாற்பது நாள். நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கமாட்டேன். உங்களுக்குக் கடமை இருக்கிறது.

துறைமுகத்துப் பக்கம் படகுச் சாமான் விற்கும் கடையில் சங்கிலி வாங்கினேன். ஒன்பது அடி. மாடி அறையின் ஜன்னல் கம்பியில் கட்டினால் கழிவறை வரை போகலாம், கதவுக்கு எட்டாது. அளந்துதான் வாங்கினேன். மதிய மாத்திரை போட்டு அவர் செருகிக் கிடந்த நேரத்தில் காலில் மாட்டினோம். பூட்டைப் பூட்டியது சுஹைனா. கணுக்காலில் உரசக்கூடாது என்று பழைய துண்டைச் சுற்றியதும் அவள்தான். நாற்பதே நாள், புருஷன் முழுசாகத் திரும்பக் கிடைப்பார் என்று சொல்லியிருந்தேன். பெண் நம்பினாள். அக்கம்பக்கத்தில், சென்னைக்குச் சிகிச்சைக்குப் போயிருக்கிறார் என்று சொன்னோம்.

மிச்சமிருந்த மாத்திரைகளை அரசலாற்றில் கொட்டிவிட்டேன் என்று சுஹைனாவிடம் சொன்னேன். கொட்டவில்லை. அரிசிப் பானைக்குள் வைத்தேன். ஏன் என்று கேட்டீர்கள். எனக்கு எதையும் வீணாக்கிப் பழக்கமில்லை.

கண் விழித்துச் சங்கிலியைப் பார்த்ததும் முதலில் சிரித்தார்.

“மாமி, நாய்க்குக்கூட ஒரு பேரு வச்சுட்டுத்தான் சங்கிலி போடுவாங்க.”

“ஒங்களுக்கு மாப்பிள்ளைன்னு பேரு இருக்கே. பசியாறுங்க” என்று இடியாப்பத் தட்டை வைத்தேன்.

மறுநாளிலிருந்து சிரிப்பு இல்லை. வாந்தி, பேதி, உடம்பு முழுக்க நடுக்கம். எலும்புக்குள் எறும்பு ஓடுகிறது என்று கத்தினார். அவர் கத்தும்போது நான் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிடுவேன். மூன்றாம் நாள் பீங்கான் தட்டை என் நெற்றியில் வீசினார். இதோ தழும்பு. நான் கீழே போய் அம்மிக் குழவியை எடுத்து வந்தேன். முதல் அடி தோளில், இரண்டாவது முழங்காலில். கோபத்தில் அடிக்கவில்லை. கோபத்தில் அடித்திருந்தால் தலையில் அடித்திருப்பேன். “மாப்பிள்ளை, தட்டெல்லாம் வீசாதீங்க, அது ஒங்க மாமா மலேசியாவுலேருந்து கொண்டாந்தது” என்று சொல்லிவிட்டு, சில்லுகளைப் பொறுக்கி அறையைத் துடைத்தேன்.

ஆறாம் நாள் கரண்டிக் காம்பை வளைத்துப் பூட்டை நெம்பிக்கொண்டிருந்தார். அந்தக் கைதான் மாத்திரை தேடும் கை என்று எனக்குத் தோன்றியது. சுஹைனாவைக் கூப்பிட்டு, “அவரு கையப் புடி, தைலம் தடவணும்” என்றேன். அவள் வலது கையை ஜன்னல் திண்டில் வைத்துப் பிடித்தாள். குழவியை நான் முந்தானைக்குள் வைத்திருந்தேன். மூன்று விரல் போயிற்று. பச்சை மூங்கிலை மிதித்தால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம்தான். சுஹைனாவின் முகத்தில் ரத்தம் தெறித்தது. அவள் கத்த ஆரம்பித்தாள், நிறுத்தவில்லை. கன்னத்தில் அறைந்தேன். சற்று ஓங்கி அறைந்துவிட்டேன் போலிருக்கிறது. அவளுக்கு இடது காதில் இன்னும் சரியாகக் கேட்பதில்லை.

எட்டாம் நாள் இடது கைக்கும் அப்படியே. அதற்குச் சுஹைனா தேவைப்படவில்லை. அவருக்கே தெம்பு இல்லை.

அதிலிருந்து நான்தான் ஊட்டிவிட்டேன். வேளைக்கு வேளை. இந்த ஊரில் எத்தனை மாமியார்கள் மருமகனுக்குச் சோறு ஊட்டியிருப்பார்கள், சொல்லுங்கள்.

ஒன்பதாம் நாள் இரவும் பகலும் வலிப்பு. நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் இருக்கத் துணியைத் திணித்தேன். பதினோராம் நாள் நான் குனிந்து கஞ்சி ஊட்டும்போது முழங்கையால் என்னை வளைத்துச் சங்கிலியை என் கழுத்தில் சுற்றிவிட்டார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போது கதவருகே நின்ற சுஹைனா, “மச்சான், வேணாம். உம்மா மச்சான்” என்றாள். அவர் விட்டுவிட்டார். நான் இருமி முடித்து, சட்டியில் மிச்சமிருந்த கொதிக்கும் கஞ்சியை அவர் தொடையில் கவிழ்த்தேன். துடைத்தபோது தோல் துண்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இதைத் தற்காப்பு என்று போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். நீங்கள்தான் சட்டம் படித்தவர்.

பிறகு அடங்கிவிட்டார். இருபதாம் நாள் வாக்கில் நடுக்கம் நின்றது. இருபத்தைந்தாம் நாள் இரண்டாவது தட்டுச் சோறு கேட்டார். மேடம், அந்தக் கண்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூன்று வருடமாகப் புகை மூடியிருந்த கண்ணாடியைத் துடைத்த மாதிரி. டாக்டர் எட்டு மாதம் கேட்டார். நான் இருபத்தைந்து நாளில் முடித்தேன். மாத்திரையிலிருந்து அவரை வெளியே கொண்டுவந்தது நான்தான். இதை யாரும் மறுக்க முடியாது. அவரே மறுக்கவில்லை.

இருபத்தொன்பதாம் நாள் காலையில் என்னிடம் பேசினார். குரல் நிதானமாக இருந்தது.

“மாமி, எனக்கு இப்ப மாத்திரை நெனப்பே இல்ல. நடந்ததை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். போலீசு, கேசுன்னு போக மாட்டேன். கைய மட்டும் ஒரு டாக்டர்ட்ட காட்டணும். ஷகீலு கோட்டுச்சேரியில ஒரு வாடகை வீடு பார்த்து வச்சிருக்கான். நானும் சுஹைனாவும் அங்க போயிடுறோம். கதவைத் தொறந்து விடுங்க.”

ஷகீல் அவருடைய தம்பி. கோட்டுச்சேரியில் செல்போன் கடை வைத்திருக்கிறார். சங்கிலி விஷயம் அவருக்குத் தெரியாது. சென்னையிலிருந்து அண்ணன் குணமாகி வருகிறார் என்று சுஹைனா சொல்லியிருந்தாள், எனக்குத் தெரியாமல், போனில்.

நான் சுஹைனாவைக் கேட்டேன். “நீயும் போறியா?”

“போறேன் உம்மா.”

“இந்த வூடு?”

“வூட்ட நீ வச்சுக்க.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவர் குணமாகவில்லை என்று. மாத்திரை போயிருக்கலாம். ஆனால் ஐந்து தலைமுறை வழக்கத்தை முறித்து, என் பெண்ணை என் வீட்டிலிருந்து கிளப்பிக்கொண்டு போகிற புத்தி தெளிந்த புத்தியா? அது போதையின் வேர். நான் தண்டை மட்டும் வெட்டியிருந்தேன்.

சரி என்றேன். நானே பூட்டைத் திறந்தேன். சுஹைனாவிடம், “போயி வூட்டைப் பார்த்துட்டு சாவிய வாங்கிட்டு வா. நான் மாப்பிள்ளைய குளிக்க வச்சு, சோறு குடுத்து தயார் பண்ணி வைக்கிறேன்” என்றேன். அவள் என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். பதினொன்றரை பஸ்ஸில் கோட்டுச்சேரிக்குப் போனாள்.

மாப்பிள்ளைக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். நெய்ச்சோறு, வஞ்சிரக் குழம்பு, நாங்கள் ஆணம் என்போம், அதில் நடுத்துண்டு. முடிவில் வட்டலப்பம். முட்டையும் தேங்காய்ப் பாலும் வெல்லமும் போட்டு நான் செய்யும் வட்டலப்பத்துக்கு எங்கள் தெருவில் பெயர் உண்டு. அரிசிப் பானையில் இருந்ததை அதில்தான் கலந்தேன். பழைய அளவு. அவர் ஷார்ஜாவிலிருந்து வந்த புதிதில் ஒரு நாளைக்குப் போட்ட அளவு. அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை.

“என்ன மாமி விசேஷம்?”

“மாப்பிள்ளை கெளம்புறீங்கள்ல. வெறும் வயித்தோட அனுப்புவேனா?”

இரண்டு வாய் வாங்கினார். நிறுத்தி என்னைப் பார்த்தார்.

“கசக்குது மாமி.”

“வெல்லம் கொஞ்சம் கருகிடுச்சு. எனக்காவ சாப்பிடுங்க.”

மாமியார் தன் கையால் ஊட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வளர்ப்பு இல்லை அவருடையது. அந்தக் குடும்பமே மரியாதை தெரிந்த குடும்பம். கிண்ணம் காலியாகும் வரை சாப்பிட்டார். “ரெண்டு கையும் இல்லாதவனுக்கு ருசி மட்டும் எதுக்குன்னு அல்லா கருக விட்டுட்டான் போல” என்று கடைசியாக ஒரு வேடிக்கை சொன்னார். நான் சிரித்தேன். பிறகு சாய்ந்து படுத்தார். உதடு நீலமானது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போனது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறினேன். இரண்டே முக்காலுக்கு அடுத்த மூச்சு வரவில்லை.

சுஹைனா மூன்றரைக்கு வாடகை வீட்டுச் சாவியோடு வந்தாள்.

காலி மாத்திரை அட்டைகளை அவர் பக்கத்தில் போட்டிருந்தேன். மறுபடியும் போட்டுவிட்டார் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஊரே சொல்லிக்கொண்டது. இந்தப் பழக்கம் விட்டமாதிரி இருக்கும், விடாது என்றார்கள். பெரியவர்கள், போலீஸ் எதற்கு, பெண் இருக்கிற வீடு என்று பேசி முடித்தார்கள். மறுநாள் காலை அடக்கம்.

ஷகீல்தான் அண்ணனைக் குளிப்பாட்டினார். கால் தழும்பு, விரல்கள், தொடை எல்லாம் பார்த்திருப்பார். மையத்தை, அதாவது இறந்த உடலைக் குளிப்பாட்டுகிறவர் அந்த உடம்பில் கண்ட குறையை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் மார்க்கத்தின் ஒழுங்கு. இறந்தவரின் மானத்தைக் காப்பதற்காக. ஷகீல் அதற்குக் கட்டுப்பட்டு நாலு மாதத்துக்கு மேல் வாய் திறக்கவில்லை. முந்தாநாள் பள்ளிவாசலில் யாரோ பெரியவரிடம் கேட்டாராம். ‘குறையைத்தான் மறைக்கணும், கொலையை மறைக்கச் சொல்லலை’ என்று அவர் சொன்னாராம். நேற்று உங்களிடம் வந்துவிட்டார். தம்பி மேல் எனக்கு வருத்தமில்லை. இவ்வளவு நாள் காத்ததே பெரிது.

இன்று காலை நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். சுஹைனாவைப் பார்க்க வேண்டும் என்றீர்கள். இத்தாவில் இருக்கிறாள் என்றேன். புருஷன் போனால் நாலு மாதம் பத்து நாள் பெண் வீட்டோடு இருப்பது எங்கள் வழக்கம். நீங்கள் மாடிப்படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டீர்கள். கூட வந்த போலீஸ்காரர்களையும் தடுத்துவிட்டீர்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இத்தாவில் இருப்பவளைப் பெண்கள் தாராளமாகப் பார்க்கலாம். அது உங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தெருப் பெண்கள் ஆறுதல் சொல்ல வந்தபோது, யாரையும் பார்க்க அவளுக்கு மனசில்லை என்று திருப்பி அனுப்பினேன். ஷஃபீனா போன் செய்தால், உன் லாத்தா தூங்குகிறாள் என்பேன். சம்பந்தம் நின்றுபோனதிலிருந்து அவளும் அதிகம் பேசுவதில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் சுஹைனா அந்தப் பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் படித்தாள். குறைந்துகொண்டே வந்த எண்கள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“உம்மா, மாத்திரைய ஆத்துல கொட்டிட்டேன்னியே. அவரு எங்கேருந்து எடுத்தாரு? விரலே மடங்காத கையால அட்டைய எப்படிப் பிரிச்சாரு?”

கெட்டிக்காரப் பெண். வாப்பாவைப் போல. ஷகீலிடம் போகிறேன் என்று எழுந்தாள். கதவு வரைக்கும் போய்விட்டாள்.

மேடம், அழுகையும் ஒரு பழக்கம்தான். விட்டால் வேளைக்கு வேளை கேட்கும். ஒரேயடியாக நிறுத்தினால் முதல் பத்து நாள் கஷ்டப்படும், இருபதில் அடங்கும், பிறகு கண் தெளியும். அது எனக்குக் கைவந்த விஷயம். சங்கிலியும் வீட்டில் இருந்தது, வீணாகக் கிடந்தது. இப்போது அவள் அழுவதே இல்லை. நேற்றுகூடக் கேட்டேன், “இந்த வூட்டை வுட்டு எங்கயாச்சும் போவியா?” என்று. போகமாட்டேன் என்று தலையாட்டினாள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும், காட்டுங்கள். சாயங்காலத் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்வதற்குள் என்னை வீட்டில் விட்டுவிட்டால் நல்லது. இத்தா முடிந்து பதினோரு நாள் ஆகிவிட்டது, இன்றைக்குத்தான் அவளுக்காக வஞ்சிரம் வாங்கி வைத்தேன், நடுத்துண்டு. முள் எடுத்து நான்தான் ஊட்ட வேண்டும். அவளுக்கும் விரல்கள் மடங்குவதில்லை.